சொந்த ஊரில் கண்மூடும் உரிமை

கனடிய மருத்துவச் சங்கம் 2024 செப்டெம்பரில் விக்ரோறியா நகரில் முதற்குடிகளிடமும் இனுயிற், மேற்றி மக்களிடமும் மருத்துவத் துறை இழைத்த தீங்குகளுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. வதிவிடப் பாடசாலைகளை விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு தனது 94 பரிந்துரைகளை வெளியிட்டு அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. காலம் தாழ்த்தி வந்தாலும் அந்த மன்னிப்பை வரவேற்கிறோம். ஆனால் சாவை நெருங்கியவரின் கட்டிலருகே நோய்த்தணிப்பு வேலை செய்கிற நமக்கு ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. இந்த நாட்டின் பூர்வகுடி ஒருவர் தன் ஊரில், தன் சனத்தின் நடுவில் கண்மூட விரும்பினால், அவரை நம்மால் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க முடிகிறதா? ஊர் தொலைவில் இருந்தால், பல வேளைகளில் முடிவதில்லை. நல்லிணக்கத்தை நம் துறையில் எதைக் கொண்டு அளப்பது என்று கேட்டால், இதைக் கொண்டுதான் என்பது எங்கள் நிலைப்பாடு.

இடம் ஏன் இவ்வளவு பெரிய விடயம் என்பது வரலாறு தெரியாதவர்களுக்கு விளங்காது. 1950 முதல் ‘சி.டி. ஹோவ்’ என்ற அரசாங்கக் கப்பல் கிழக்கு ஆர்க்ரிக் குடியிருப்புகளுக்குக் கோடைதோறும் போய்வந்தது. கப்பலிலேயே எக்ஸ்றே எடுத்தார்கள். காசநோய் என்று கண்டவர்களில் பலரைக் கரையிறங்கி விடைபெற்றுவரக்கூட விடாமல் தெற்கே கொண்டுபோனார்கள். 1950களின் நடுப்பகுதியில் இனுயிற் மக்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் தெற்கத்தைய சானற்றோரியங்களில் இருந்தார்கள். அங்கே இறந்தவர்களை அங்கேயே புதைத்தார்கள்; பல குடும்பங்களுக்குச் சேதியே போகவில்லை. 2019 மார்ச்சில் பிரதமர் ஜஸ்ரின் ட்ரூடோ இக்கலுயிற் நகரில் இதற்காக மன்னிப்புக் கேட்டார். புதைகுழிகளைத் தேடித் தரும் ‘நனிலாவுற்’ திட்டமும் அப்போதுதான் குடும்பங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தகப்பன் எந்த மண்ணில் கிடக்கிறார் என்று தெரியாமலே வளர்ந்த பிள்ளைகள் இன்று முதியவர்கள். நம் வார்டுகளுக்கு வருகிறவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். “நல்ல சிகிச்சைக்காகத் தெற்கே அனுப்புகிறோம்” என்று நாம் சொல்லும்போது அவர்கள் காதில் விழுவது அந்தப் பழைய கப்பலின் சங்கு.

வதிவிடப் பாடசாலைகளின் கதையும் முதியோர் இல்லத்தின் வாசலில் முடிந்துவிடுவதில்லை. குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்ட ஏறத்தாழ 150,000 பூர்வகுடிப் பிள்ளைகள் அந்தப் பாடசாலைகள் ஊடாகப் போனார்கள். கடைசிப் பாடசாலை மூடப்பட்டது 1990களில்தான். போன முதல் நாளே தலைமுடியை வெட்டினார்கள், உடுப்பைப் பறித்தார்கள், தாய்மொழி பேசினால் அடித்தார்கள். அப்படிப் போன ஒரு பிள்ளைக்கு இப்போது எண்பது வயது, மறதிநோய். ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் விடிகாலையில் முன்பின் தெரியாத இருவர் வந்து உடுப்பைக் கழற்றிக் குளியலறைக்கு அழைத்துப் போகிறார்கள். அவர் கத்துகிறார், கையை ஓங்குகிறார். குறிப்பேட்டில் “ஒத்துழைக்க மறுப்பவர், வன்முறையானவர்” என்று ஏறுகிறது. பிறகு அமைதிப்படுத்தும் மருந்து ஏறுகிறது. இந்த இடத்தில் செய்யவேண்டியது அப்படியொன்றும் கடினமானதல்ல. தொடுமுன் கேளுங்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள், முடிந்தால் குடும்பத்தில் ஒருவரைப் பக்கத்தில் வைத்திருங்கள். சிக்குப் பிடித்துவிட்டது என்று கேட்காமல் முடியைக் கத்தரிக்காதீர்கள். பல சமூகங்களில் முடியை வெட்டுவது துக்கத்தோடு சேர்ந்த காரியம். வதிவிடப் பாடசாலையில் இருந்தவருக்கு அது அதைவிடவும் பாரமானது.

வலி விடயத்தில் நம் துறை இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். 2008இல் வின்னிபெக் வைத்தியசாலையொன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் பூர்வகுடியினரான பிறையன் சின்க்ளேயர் 34 மணிநேரம் கவனிப்பாரின்றிச் சக்கர நாற்காலியில் காத்திருந்தபடியே இறந்துபோனார். 2020இல் கியூபெக்கின் ஜோலியெற் நகரில், ஏழு பிள்ளைகளின் தாயான அற்றிகமெக் பெண் ஜொய்ஸ் எச்சக்குவான், வைத்தியசாலை ஊழியர் தன்னை ஏசுவதைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்த பின் உயிர்விட்டார். இனவாதமும் முற்கற்பிதமும் அவரது சாவுக்குப் பங்களித்தன என்று மரண விசாரணை அதிகாரி 2021இல் எழுதினார். இருவருமே நோய்த்தணிப்பு நோயாளர்கள் அல்ல. ஆனாலும் அவர்கள் பெயர் தெரியாத பூர்வகுடிக் குடும்பம் இந்த நாட்டில் அநேகமாக இல்லை. எலும்புக்குப் பரவிய புற்றுநோயோடு வருகிறவர் மோர்பின் கேட்கத் தயங்குகிறார் என்றால், கேட்டால் தன்னைப் போதைக்காரர் என்று நினைப்பார்களோ என்ற பயம் அதற்குப் பின்னால் இருக்கலாம். அவர் கேட்கும்வரை காத்திராமல் வலியை நாமே விசாரித்து அளப்பது நம் கடமை.

இனி, வீடு. வடமேற்கு ஒன்ராறியோவில் விமானத்தில் மட்டுமே போகக்கூடிய ஒரு ஊர் என்று வைத்துக்கொள்வோம். தண்டர் பேயில் சிகிச்சை இனிப் பயனில்லை என்றாகிவிட்டது. நோயாளி ஊருக்குப் போகக் கேட்கிறார். ஊரில் மருந்தகம் இல்லை, மருத்துவர் எப்போதாவது வந்துபோகிறார், தாதியர் நிலையம் ஒன்றுதான். 1999இல் தொடங்கிய மத்திய அரசின் வீட்டுப் பராமரிப்புத் திட்டம் பெரும்பாலும் வேலைநாள்களில் பகல் நேரத்துக்கு என்றே அமைந்தது. நோய்த்தணிப்பு அதன் கட்டாயச் சேவைகளில் இடம்பெறவில்லை. மருத்துவம் மாகாணத்தின் பொறுப்பு, முதற்குடிகள் மத்திய அரசின் பொறுப்பு. இரண்டுக்கும் நடுவில் கட்டில் வாடகைக்கும் மருந்துப் பம்புக்கும் இராக்காவலுக்கும் காசு யார் கொடுப்பது என்று கடிதங்கள் போய்வருவதற்குள் ஆள் முடிந்துவிடுகிறார்.

இந்த இழுபறிக்கு ஒரு பிள்ளையின் பெயர் இருக்கிறது. நோர்வே ஹவுஸ் கிறீ சமூகத்தின் ஜோர்டன் றிவர் அண்டர்சன் இரண்டு வயதில் வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர்கள் சொல்லியும், செலவு யாருடையது என்று மத்திய அரசும் மனிற்றோபாவும் வாதாடிக்கொண்டிருந்ததில், ஒருநாள்கூட ஒரு வீட்டில் வாழாமல் 2005இல் ஐந்து வயதில் வைத்தியசாலையிலேயே இறந்தான். முதலில் சேவையைக் கொடு, கணக்கைப் பிறகு பார் என்ற ஜோர்டன் கோட்பாட்டை நாடாளுமன்றம் 2007இல் ஏற்றது. அது பிள்ளைகளுக்கு மட்டுமானது. சாகும் தறுவாயில் இருக்கும் பெரியவர்களுக்கும் அதே விதி வேண்டும் என்று எழுதுகிறோம். நம் தொழிற்சங்கங்களும் கல்லூரிகளும் சேர்ந்து கேட்கவேண்டிய ஒன்று இது.

ஊர் திரும்பிக் கண்மூடுவது முடியாத காரியமும் இல்லை. லேக்ஹெட் பல்கலைக்கழகத்தின் மேரி லூ கெலி குழுவினர் 2010 முதல் நான்கு முதற்குடிச் சமூகங்களோடு வேலை செய்தார்கள். அவற்றில் ஒன்று கெனோராவுக்குத் தென்கிழக்கே உள்ள நொற்கமெக்வனிங். ஊர் மூத்தோர், ஊர்த் தாதியர், மாகாண வீட்டுப் பராமரிப்பார், வைத்தியசாலைக்காரர் எல்லோரையும் ஒரே அறையில் இருத்தி, ஒரு நோயாளி வீடு திரும்பும் பாதையைப் படிப்படியாக வரைந்தார்கள். எங்கே அறுகிறது, யார் யாரை அழைக்கவேண்டும் என்பது அங்கேயே வெளிச்சமானது. அதிலிருந்து ‘வீசொக்கொற்றாத்திவின்’ என்ற ஊரின் சொந்தத் திட்டம் பிறந்தது. திட்டம் ஊருடையது, வெளியார் கைகொடுத்தார்கள். இந்த ஒழுங்கு தலைகீழாகப் போன இடங்களில் ஆய்வுப் பணம் தீர்ந்ததும் எல்லாம் தீர்ந்துவிடும்.

ஊர் திரும்ப முடியாதவருக்கு வைத்தியசாலைதான் இடம் தரவேண்டும். உதாரணமாக, சூ லுக்கவுற் நகரின் மெனோ யா வின் சுகாதார நிலையம் மூஸ் இறைச்சியும் ஆற்று மீனும் பரிமாறுகிறது. சேஜ், சீடர் புகையிடும் சடங்குக்கு உங்கள் நிறுவனத்தில் எழுதிய நடைமுறை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்: எந்த அறை, புகை எச்சரிக்கைக் கருவியை யார் நிறுத்துவது, ஒட்சிசனை எப்போது நிறுத்தி வெளியே எடுப்பது. நள்ளிரவில் குடும்பம் கேட்கும்போது மேற்பார்வையாளரைத் தேடி ஓடுவது மரியாதையல்ல. பூர்வகுடி என்றாலே புகைச் சடங்கு என்று முடிவுகட்டவும் வேண்டாம். தேவாலயப் பாடல் கேட்பவர்கள் நிறையப் பேர், இனுயிற் மக்களின் வழக்கம் வேறு. கேட்டுத்தான் அறியவேண்டும். இருவர்தான் பார்க்கலாம் என்ற விதியைச் சாகிறவரின் அறை வாசலில் நிறுத்தாதீர்கள்.

இந்த இதழை வாசிக்கும் தமிழ்த் தாதியரும் தனிநபர் ஆதரவுப் பணியாளர்களும் (பி.எஸ்.டபிள்யூ) பெரும்பாலும் ரொறன்ரோவைச் சுற்றி வேலை செய்கிறார்கள். இது வடக்கின் பிரச்சினை என்று நினைக்கத் தோன்றும். இந்த நகரிலும் பூர்வகுடிகள் பெருமளவில் வாழ்கிறார்கள், இறக்கிறார்கள். நம்மவர் வீடு வாங்கிக் குடியேறிய ஸ்காபரோ, 1923ஆம் ஆண்டின் வில்லியம்ஸ் உடன்படிக்கைக்கு உட்பட்ட நிலம். உடலே கிடைக்காமல் துக்கம் காத்த குடும்பங்கள் நமக்குள்ளும் உண்டு. ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வைத்தியசாலையின் பூர்வகுடி நோயாளர் வழிகாட்டி யார், அவரது தொலைபேசி எண் என்ன என்பதைத் தாதியர் மேசையில் ஒட்டுங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒருவரை ஊருக்கு அனுப்புவதாயின், திங்கள் காலைவரை போதுமான மருந்து அவரோடு போகிறதா, இரவில் அழைத்தால் யார் எடுப்பார் என்ற இரண்டையும் வியாழக்கிழமையே எழுதிக் குடும்பத்தின் கையில் கொடுங்கள்.