புகையும் கட்சியும்

2023 ஓகஸ்ட் 29 முதல் நோர்பரியும் யூலெஸ் வலயத்துக்குள் வந்துவிட்டது. விதிக்குட்படாத பழைய காருக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண். இதனை லேபர் கட்சியின் வரி என்று எம்மவர் சிலர் சாடுகின்றனர். ஆனால் 2015 இல் இத்திட்டத்தை உறுதிசெய்தவர் அன்றைய கன்சர்வேட்டிவ் மேயர் பொரிஸ் ஜோன்சன். 2019 இல் தொடக்கி, பின் விரிவாக்கியவர் லேபரின் சாதிக் கான்.

லூவிஷாமில் 2013 இல் ஆஸ்துமாவால் இறந்த 9 வயதுச் சிறுமி எல்லாவின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என மரண விசாரணை அதிகாரி 2020 இல் தீர்ப்பளித்தார்.

டெலிவரி வான் ஓட்டிப் பிழைப்பவருக்கு இக்கட்டணம் பெரும் சுமையே. அதை முதலில் ஒப்புக்கொள்வோம். பிறகு கட்சியை விட்டு, அவர் வீட்டுப் பிள்ளையின் முட்டு வருத்தத்தைப் பற்றிப் பேசுவோம். பாடசாலை வாசலில் காரின் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருக்க எந்தக் கட்சிக்காரரும் மறுக்கமாட்டார்.