பொய் மார்பு யாருக்காக?

அமெரிக்கக் கறுப்பினக் கவி ஆட்ரி லார்ட் அம்மையாரைப் பற்றிப் பேச்சு வந்தால், நம் தோழர்களில் சிலர் அவர் நிறக் கொடுமையை எதிர்த்ததை மெச்சிப் பேசுகிறார்கள். அவர் பெண்ணையே காதலித்து வாழ்ந்தவர் என்ற இடம் வந்ததும் தொண்டையைக் கனைத்துக் கொள்ளுகிறார்கள்.

இந்தக் கனைப்பு அவருக்குப் புதிதல்ல. 1983 இல் வாஷிங்டனில், மார்ட்டின் லூதர் கிங்கின் பேரணிக்கு 20 ஆம் ஆண்டு விழா நடந்தது. அதில் ஒருபால் காதலர் சார்பில் ஒருவரும் பேசக் கூடாதென்று அமைப்பாளர் சிலர் தடுத்தார்கள். சமத்துவத்துக்கு விழா எடுத்தவர்கள்தாம்! கிளர்ச்சி செய்த பிறகே இணங்கினார்கள். பேசியவர் லார்ட்.

1934 இல் நியூயார்க்கின் ஹார்லெமில், கரீபியன் தீவுகளிலிருந்து பிழைக்க வந்த பெற்றோருக்குப் பிறந்தார். கண்பார்வை மகா மோசம். ஆலையில் கூலிவேலை செய்தார். படித்து, நூல்நிலைய உத்தியோகம் பார்த்தார். மணந்து, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, விவாகரத்தும் செய்துகொண்டார். இவை இருக்கட்டும். நாம் சொல்ல வந்தது வேறு.

1978 இல் புற்றுநோய் கண்டு அவருடைய ஒரு மார்பை அறுத்தெடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆறுதல் சொல்ல வந்த ஒரு மாது செய்த உபகாரம் என்ன தெரியுமா? கம்பளி அடைத்த ஒரு பொய் மார்பைக் கொடுத்ததுதான். அதுவும் வெள்ளைக்காரியின் தோல் நிறத்தில்! பிறகு வைத்தியரிடம் போனபோது, அதை வைக்காமல் வந்தால் அங்குள்ளோர் மனம் தளரும் என்று தாதி கண்டித்தாள்.

யுத்தத்தில் ஒரு கண்ணை இழந்து கறுப்புத் திரை கட்டித் திரிந்த இஸ்ரேல் மந்திரி மோஷே தயானிடம், கண்ணாடிக் கண் வைத்துக் கொள்ளும்படி எவராவது சொன்னதுண்டா என்று லார்ட் கேட்டார். ஆணின் காயம் வீரம், பெண்ணின் காயம் அசிங்கம்! பார்க்கிறவன் கண்ணுக்கு விருந்தாக இருப்பதைத் தவிர பெண்ணுடம்புக்கு வேறு வேலையில்லை என்பதுதானே இதன் தாத்பரியம்?

அவர் கண்ட சூது இன்னும் பெரியது. மார்பிழந்த பெண்கள் அத்தனை பேரும் பொய் மார்புக்குள் ஒளிந்து கொண்டால், ஒருத்தியை மற்றொருத்தி அறிவது எப்படி? மாட்டுத் தீனியில் கலக்கும் நோய் விளைக்கும் ஹார்மோன்களைத் தடை செய் என்று, ஒற்றை மார்புப் பெண்களின் படை ஒன்று அமெரிக்கக் காங்கிரசுக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று, 1980 இல் வந்த தமது புற்றுநோய்க் குறிப்புகளில் கேட்டார்.

கனைக்கும் தோழர்களே, நிறத்தைச் சொல், காதலை மறை என்று நீங்கள் நீட்டுவதும் அந்தக் கம்பளிப் பொதியைத்தானே? அவர் அதை வாங்கவில்லை. கறுப்பினத்தவள், பெண்ணைக் காதலிப்பவள், தாய், போராளி, கவி என்று எல்லாவற்றையும் சேர்த்தே தம்மை அறிவித்தார். 1991 இல் நியூயார்க் மாகாணம் அவரைத் தன் அரசவைக் கவியாக ஏற்றது. 1992 இல் இறந்தார்.