நெற்றியில் இரண்டு கோடு

வானொலிக்கு முகம் எதற்கு என்பார்கள். இப்போது எங்கள் ஸ்டூடியோவிலும் கேமரா. நேரலையில் ஒருவர் கேட்டார்: “அக்கா, ஏன் கோபமா இருக்கீங்க?” கோபமே இல்லை, புருவங்களுக்கு நடுவில் இரண்டு கோடு, அவ்வளவுதான்.

போடோக்ஸ் ஊசி பற்றி விசாரித்தேன். நரம்பு தசைக்கு அனுப்பும் உத்தரவை அது தடுக்கும். தசை சுருங்காது, கோடு மங்கும். 3, 4 மாதத்தில் பழையபடி ஆகிவிடும். மறுபடி ஊசி, மறுபடி பணம்.

“வீட்டுக்கே வந்து பாதி விலைக்குப் போடுறாங்க,” என்றாள் தோழி. வேண்டவே வேண்டாம். மருந்து தவறான தசைக்குப் பரவினால் இமை வாரக்கணக்கில் தொங்கும். மலேசியாவில் அங்கீகாரம் பெற்ற மருத்துவர்தான் போடலாம். அப்படி ஒருவரிடம் நாள் குறித்தேன்.

அம்மாவிடம் சொன்னேன். “அது உங்கப்பா நெத்திம்மா,” என்றார். அப்பா போய் ஆறு வருடம்.

வியாழக்கிழமை கிளினிக். இன்னும் ரத்து செய்யவில்லை.