கொமேட்டுக்கு அடியில் ஒரு வளையம்

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் அரசியலும் போரும் எழுதிய கை இன்று மலசலகூடத்தைப் பற்றி எழுதப் போகிறது. முகஞ்சுளிக்கும் அன்பர்கள் மன்னிக்க வேண்டும். வாசித்து முடித்த பின்னர், தங்கள் வீட்டிலும் ஊரிலுள்ள பெற்றோர் வீட்டிலும் ஒருமுறை குனிந்து பார்ப்பார்களானால் இப்பத்தி எழுதியதன் பயன் கிட்டிவிடும்.

மன்னார்த் தீவில், பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் இடையில் எங்கள் வீடு இருக்கிறது. அம்மாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது, முழங்கால் மடங்குவதில்லை. குந்தியிருக்கும் பழைய பீங்கானை அகற்றிவிட்டுக் கொமேட் வைப்பதென்றும், அத்தோடு குளியலறையையும் புதுப்பிப்பதென்றும் முடிவாயிற்று. பணம் ரொறன்ரோவிலுள்ள தம்பியுடையது, மேற்பார்வை என்னுடையது. மேற்பார்வை என்றால் கொழும்பில் இருந்துகொண்டு தொலைபேசியில் பேசுவது. ரைல்ஸின் நிறம் பற்றி மாத்திரம் இரண்டு வாரம் விவாதித்தோம். கொமேட்டும் நிலத்திலுள்ள குழாயும் சேரும் இடத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வேலை முடிந்து படங்கள் போன பிறகு தம்பி கேட்டான்: "அண்ணை, அடியிலை மெழுகு வளையம் வைச்சவையோ?"

மேசனாரிடம் கேட்டேன். "அதெல்லாம் அங்கத்தைய முறை ஐயா. நாங்கள் சீமெந்து போட்டு இருத்தினது. கல்லு மாதிரி நிக்கும்" என்றார்.

கல் மாதிரி நின்றதுதான் பின்னர் வினையாயிற்று.

ஒரு கொமேட்டுக்கு அடைப்புகள் இரண்டு. ஒன்று நமக்குத் தெரிந்தது: வளைந்த கழுத்தில் எப்போதும் தேங்கி நிற்கும் நீர். 1775ஆம் ஆண்டில் அலெக்ஸாண்டர் கமிங் என்ற மணிக்கூட்டுத் தொழிலாளர் லண்டனில் காப்புரிமை பெற்ற, ஆங்கில 'எஸ்' எழுத்தைப் போன்ற குழாயின் வழிவந்தது இது. நமது நாட்டுக் குடிசன மதிப்பீட்டுப் படிவங்களில் 'நீரடைப்பு' என்று வருவதும் இதனையே. இரண்டங்குல ஆழமான நீர், குழியின் வாயுவையும் கரப்பானையும் வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கிறது. அந்த இரண்டங்குலத்தின் பெறுமதியை 2003ஆம் ஆண்டில் ஹொங்கொங் கற்றுக்கொண்டது. அமோய் கார்டன்ஸ் என்ற மாடிக் குடியிருப்பில் 300க்கு மேற்பட்டோரை சார்ஸ் நோய் பற்றியது. குளியலறைத் தரை வடிகால்களின் வளைகுழாய்களில் நீர் வற்றிப்போயிருந்ததும், அவ்வழியே கிருமி கலந்த காற்று வீடுகளுக்குள் இழுக்கப்பட்டதும் அதற்குரிய காரணங்களாக ஆய்வில் தெரியவந்தன.

மற்ற அடைப்பு நம் கண்ணுக்குத் தெரியாதது. கொமேட்டின் கீழ்வாய்க்கும் நிலக்குழாயின் மேல்வாய்க்கும் நடுவில் அமர்வது அது. வட அமெரிக்காவில் மெழுகால் செய்வார்கள். பிற இடங்களில் றப்பர் இணைப்பு வைப்பார்கள். கொமேட்டை நேராக இறக்கி, பாரத்தால் ஒருமுறை அமுக்கினால் மெழுகு நசுங்கி இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். அசைத்துவிட்டாலோ தூக்கிவிட்டாலோ பழைய வளையத்தை எறிந்துவிட்டுப் புதியது வைக்கவேண்டும். மெழுகும் றப்பரும் சற்று இசைந்து கொடுக்கும். சீமெந்து இசைந்து கொடுக்காது, வெடிக்கும்.

மன்னார் மண் இசையும் மண். மாரி மழையில் நீர்மட்டம் எழும், கோடையில் இறங்கும், மேலே போட்ட தளமும் மயிரிழையளவு அசையும். எங்கள் வீட்டில் கார்த்திகை மழைக்குப் பிறகு குளியலறையில் மணம் வந்தது. அம்மா சாம்பிராணி போட்டுப் பார்த்தார். தை மாதத்தில் நான் ஊருக்குப் போய்க் கொமேட்டைத் தூக்கச் செய்தேன். சீமெந்து வளையம் பாதி வெடித்திருந்தது. கீழேயிருந்த வெண்மணல் கரியாகி, ஈரமாகி, கையால் அள்ளமுடியாத நிலையில் இருந்தது. ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றியபோதும் ஒரு பங்கு குழாய்க்குப் போகாமல் மணலுக்குள் போயிருக்கிறது. மேலே பளபளக்கும் ரைல்ஸ், கீழே இது.

அங்கிருந்து எங்கள் கிணறு முப்பத்தைந்து அடி. வேலிக்கு அப்பால் அயல்வீட்டு அக்காவின் கிணறு இருபது அடிதான்.

இரண்டு கிணற்று நீரையும் பரிசோதனைக்குக் கொடுத்தேன். இரண்டிலும் மலக் கிருமி இருந்தது. அக்காவிடம் போய்ச் சொல்வதற்குள் எனக்கு நா வறண்டுவிட்டது. எத்தனையோ அமைச்சர்களிடம் கூசாமல் கேள்வி கேட்டவன் நான். அவர் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "தம்பி, எங்கடை குழி உங்கடை கிணத்துக்குப் பக்கத்திலைதானே கிடக்கு. ஆரை ஆர் குறை சொல்லுறது?"

அந்த ஒரு வசனத்தில் தீவின் நிலைமை முழுவதும் அடங்கிவிடுகிறது. மன்னார்த் தீவின் நன்னீர் பாறைக்குள் பத்திரமாக இருக்கும் நீரன்று. பெய்த மழை மணலில் இறங்கி, கடலின் உப்புநீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதக்கிறது. சில அடி தோண்டினால் கிடைக்கும் அதே நீருக்கு, சில அடி ஆழமுள்ள குழியின் கழிவும் போய்ச் சேரும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டுமென்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள். ஆனால் சீதனமாகவும் முதுசமாகவும் பிரிந்து பிரிந்து சுருங்கிய காணிகளில், வேலி கடக்காமல் 50 அடி அளக்க எங்கே இடமிருக்கிறது? கொதிக்கவைத்தால் கிருமி சாகும். கழிவிலிருந்து நீரில் கரைந்த நைத்திரேற்று கொதித்தாலும் போகாது. கைக்குழந்தைகளுக்கு அது ஆகாது.

மலசலகூடம் என்பது கட்டடம் என்று நாம் நினைத்துவிட்டோம். இதுதான் என் முறைப்பாடு. 1990களில் மடுவிலும் பேசாலையிலும் ஐ.நா. அகதிகள் அமைப்பின் திறந்த நிவாரண நிலையங்கள் இயங்கின. ஒரு மலசலகூடத்துக்கு முன்னால் நீண்டு நின்ற வரிசையைப் பார்த்தவர்களுக்கு, நாலு சுவரும் ஒரு கதவும் எவ்வளவு பெரிய மானம் என்பது தெரியும். ஆகவே போருக்குப் பிந்திய மீள்குடியேற்றத்தில் கூடங்களை எண்ணியதைக் குறை சொல்லேன். இன்று இலங்கையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு மலசலகூடம் உண்டு; அது பெருமைதான். ஆனால் எண்ணிக்கை மேலே உள்ளதை மட்டுமே சொல்லும். கீழே நடப்பது எந்தப் புள்ளிவிபரத்திலும் வருவதில்லை.

முருங்கன் பக்கத்திலிருந்து குழாய்நீர் வருகிறதே என்பார்கள் நகரத்து நண்பர்கள். வரட்டும். குழாய்நீர் வந்தால் ஊற்றும் நீர் கூடும். ஊற்றிய நீர் அதே மணலுக்குள்தான் போகும். குழாய் நிற்கும் நாளில் கை தேடிப்போவது கிணற்றுக் கயிற்றைத்தான்.

மேசனாரை நான் குற்றம் சொல்லவில்லை. நாம் ரைல்ஸுக்குச் செலவழித்த பணத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட அந்த வளையத்துக்குத் தேவைப்படாது. கேளாதவன் குற்றம்தான் பெரியது. ஆகவே வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். நிறத்தைக் கேட்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: கொமேட்டுக்கு அடியில் என்ன வைக்கிறீர்கள்? கழிவுத் தொட்டிக்கு அடித்தளம் போட்டு நீர் புகாமல் பூசியிருக்கிறதா? அயலவரின் கிணறு எத்தனை அடி? மூடுமுன் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிரதேச சபைகளும் கட்டட அனுமதியைக் கடதாசியில் கொடுப்பதோடு நில்லாமல், மண் போட்டு மூடுமுன் ஒருமுறை வந்து பார்க்கவேண்டும்.

ஆண்டில் பதினொரு மாதம் பூட்டிக்கிடக்கும் வீடுகளுக்கு இன்னொரு சொல். சோளகக் காற்றில் கொமேட்டிலும் தரைவடிகாலிலும் உள்ள நீர் வற்றிவிடும். திறப்பை வைத்திருப்பவரிடம் மாதம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். நீண்ட காலம் பூட்டுவதானால் அதன்மேல் சிறிது எண்ணெய் விட்டால் வற்றுவது தாமதிக்கும்.

எங்கள் வீட்டுத் தளத்தை உடைத்து, கறுத்த மணலை அள்ளி, குழாயின் வாயைச் சீர்செய்து, தம்பி அனுப்பிய வளையத்தை வைத்து அதே மேசனார்தான் கொமேட்டை இருத்தினார். சுற்றிவரப் பூசும்போது பின்புறத்தில் இரண்டு விரலளவு பூசாமல் விடச் சொன்னேன். வடிவில்லையே என்றார். இனியொருமுறை கசிந்தால் நீர் அவ்வழியே வெளியே வந்து காட்டிக்கொடுக்கும். முழுவதும் பூசி மறைத்தால் அது அக்காவின் கிணற்றுக்குத்தான் போகும். பத்திரிகைத் தொழிலில் நான் கற்றதும் ஏறக்குறைய இதுவேதான்.

கழிவுத் தொட்டி இன்னும் பழையதுதான். அதை அக்கா வீட்டோடு சேர்ந்து, இரு கிணறுகளுக்கும் எட்டத்தில், இரு வீட்டுக்கும் ஒன்றாகக் கட்டுவதென்று பேசியிருக்கிறோம். அதுவரை இரு வீட்டாரும் குழாய்நீர்தான் குடிக்கிறோம், அதையும் கொதிக்கவைத்து.