கேசட் கெடவில்லை, டெக்கிற்கு அதன் மொழி தெரியவில்லை



திருத்தணிக் கடைவீதியில் சற்று நேரம் நின்று கவனித்தால் ஒன்று விளங்கும். நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வருவோர் தெலுங்கில் விலை கேட்பர். அரக்கோணத்திலிருந்து வருவோர் தமிழில் பேரம் பேசுவர். கடைக்காரரோ இருவருக்கும் அவரவர் மொழியிலேயே விடை சொல்வார். 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி வட்டம் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லைக்கோடு நகர்ந்ததேயன்றி மக்களின் இருமொழிப் பழக்கம் நகரவில்லை.

அவ்வூரில் மலையடிவாரத்துத் தெரு ஒன்றில் உள்ள ஓர் இல்லத்திற்கு அண்மையில் செல்ல நேர்ந்தது. அந்த வீட்டுத் தலைவர் பல்லாண்டுகள் ஜித்தாவில் உழைத்தவர், 1998-இல் காலமானார். அப்போது அவருடைய மகளுக்கு இரண்டு வயது. அந்த மகள் இன்று ஒரு குழந்தைக்குத் தாய். பீரோவின் அடித்தட்டிலிருந்து, பழைய துணியில் சுற்றிய மூன்று வீடியோ கேசட்டுகளை அவர் எடுத்து வைத்தார்.

முதலாவது, பெற்றோரின் திருமணத்தின்போது திருத்தணியில் எடுத்தது. இரண்டாவது, தகப்பனார் ஹஜ் செய்த ஆண்டில் சவூதித் தொலைக்காட்சியின் ஒளிபரப்பை ஜித்தாவில் நண்பர் ஒருவர் பதிவு செய்து தந்தது. மூன்றாவது, அமெரிக்காவில் வாழ்ந்த சிறிய தந்தை உம்ராவுக்கு வந்தபோது தம் கேமராவால் அண்ணனைப் படமெடுத்து, ஊர் திரும்பிக் கேசட்டில் ஏற்றி அஞ்சலில் அனுப்பியது.

வாடகைக்கு டெக் எடுத்து ஓட்டிப் பார்த்தபோது, திருமணக் கேசட் நன்றாக ஓடியது. ஹஜ் கேசட் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது. மூன்றாவதில் படம் சிதறிச் சிதறி உருண்டது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இழுத்தது. பழுது பார்க்கும் கடையில் காட்டியபோது, "நாடா கெட்டுவிட்டது, எறிந்து விடுங்கள்" என்றார்களாம். எறிய அந்த அம்மையாருக்கு மனம் வரவில்லை.

"மாமா, அத்தாவின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்கு நினைவில்லை. இதை ஓட்ட வழி உண்டா?" என்று மகள் கேட்டார்.

வழி உண்டு. இது அந்த ஓர் இல்லத்தின் கேள்வி அன்று. அரபு நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் ஆளனுப்பிய நம் வீடுகள் பலவற்றில் இத்தகைய கேசட்டுகள் உறங்குகின்றன. ஆகவே விரிவாகவே சொல்லுகிறேன்.

மூன்று மொழிகள்

வண்ணத் தொலைக்காட்சிக்கு உலகில் மூன்று முறைகள் ஏற்பட்டன. 1953-இல் அமெரிக்கா ஏற்றுக்கொண்டது என்.டி.எஸ்.சி. முறை, ஜப்பானும் பிலிப்பைன்சும் பர்மாவும் அதையே பின்பற்றின. பிரான்ஸ் உருவாக்கியது செகாம். ஜெர்மனியில் டெலிஃபங்கன் நிறுவனத்தின் வால்ட்டர் புரூக் உருவாக்கியது 'பால்' முறை. (பசும்பாலை எண்ணிவிட வேண்டாம், அது மூன்று ஆங்கில எழுத்துகளின் சுருக்கம்.) 1982-இல் நம் நாட்டில் வண்ண ஒளிபரப்புத் தொடங்கியபோது 'பால்' முறையே வந்தது. இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத் ஆகியவற்றிலும் அதுவே. சவூதி அரேபியாவிலோ செகாம் வழங்கியது.

'பால்' முறையிலும் செகாமிலும் ஒரு படத்திற்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். வண்ணத்தை எழுதும் விதம் மட்டுமே வேறு. என்.டி.எஸ்.சி.யிலோ 525 கோடுகள், நொடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். நாடா ஓடும் வேகமும் வேறு. 'பால்' கேசட் நொடிக்கு 2.34 சென்டிமீட்டர் நகரும், என்.டி.எஸ்.சி. கேசட் 3.34 சென்டிமீட்டர் நகரும்.

இப்போது திருத்தணி வீட்டில் நடந்ததைப் பாருங்கள். 'பால்' மட்டும் அறிந்த டெக்கில் செகாம் கேசட்டைப் போட்டால் கோடுகள் ஒத்துப்போகும், வண்ணம் புரியாது. ஆகவே படம் தெளிவாக, ஆனால் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். என்.டி.எஸ்.சி. கேசட்டைப் போட்டால் கோடும் ஒத்துவராது, வேகமும் ஒத்துவராது. படம் உருளும், குரல் இழுக்கும். இவை கேசட் கெட்டதன் அறிகுறிகள் அல்ல. டெக்கிற்கு அந்த மொழி தெரியாததன் அறிகுறிகள்.

கேசட்டின் மேல் ஒட்டிய சீட்டும் ஓரளவு துப்புக் கொடுக்கும். 'ஈ-180' என்றிருந்தால் பெரும்பாலும் 'பால்' அல்லது செகாம் நாடுகளில் விற்றது. 'டி-120' என்றிருந்தால் பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஜப்பானிலோ விற்றது. ஆனால் எந்நாட்டுக் கேசட்டிலும் எம்முறையிலும் பதிவு செய்ய இயலுமாதலால், சீட்டை மட்டும் நம்பி முடிவு செய்தல் கூடாது.

அறிந்தவர் வேறு, பெயர்ப்பவர் வேறு

இனி டெக் தேடும் கதை. ஜே.வி.சி. நிறுவனம் 1976-இல் அறிமுகம் செய்த வி.எச்.எஸ். இயந்திரத்தை இறுதிவரை தயாரித்து வந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆகவே கிடைப்பதெல்லாம் பழையவையே. வளைகுடாவிலிருந்து அந்நாளில் நம்மவர் சுமந்து வந்த 'மல்ட்டி சிஸ்டம்' டெக்குகள் உறவினர் வீட்டுப் பரண்களில் இருக்கலாம். முதலில் அங்கே கேளுங்கள். பிறகு பழைய பொருள் கடைகளை நாடலாம்.

மல்ட்டி சிஸ்டம் என்ற சொல்லிலேயே ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது. திருத்தணிக் கடைக்காரர்களில் சிலருக்குத் தெலுங்கு நன்கு புரியும். புரிந்ததைத் தமிழில் பெயர்த்துச் சொல்லத் தெரியாது. பெரும்பாலான மல்ட்டி சிஸ்டம் டெக்குகளும் அப்படித்தான். என்.டி.எஸ்.சி. கேசட்டை அவை படிக்கும், படித்ததை என்.டி.எஸ்.சி.யாகவே வெளியே அனுப்பும். அதைப் புரிந்துகொள்ளும் தொலைக்காட்சிப் பெட்டியும் வேண்டும். இல்லையேல், "டெக் சரியில்லை" என்று அதன்மேல் பழி போடுவோம்.

பெயர்த்தும் தரவல்ல டெக்குகள் சில வந்தன. பேனசோனிக் என்.வி.-டபிள்யூ1, சாம்சங் எஸ்.வி.-5000டபிள்யூ, ஐவா எச்.வி.-எம்.எக்ஸ்.100 ஆகியவை ஒரு முறையை வாங்கி வேறு முறையாக மாற்றித் தருபவை. இவை அரியவை. இவற்றிற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இன்றைய தட்டைத் தொலைக்காட்சிகள் பலவும் 'பால்', என்.டி.எஸ்.சி. இரண்டையும் ஏற்கின்றன, ஆகவே நன்றாகப் படிக்கும் டெக் ஒன்று கிடைத்தாலே போதுமானது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

ஒன்று: முறைகளின் பட்டியல். டெக்கின் முகப்பிலோ பின்புறத்திலோ 'பால்', 'மீசெகாம்', 'என்.டி.எஸ்.சி. 3.58', 'என்.டி.எஸ்.சி. 4.43' என்று குறித்திருக்கும். மீசெகாம் என்பது அரபு நாடுகளின் செகாம் பதிவு முறை. சவூதிக் கேசட் உள்ளவர்களுக்கு இன்றியமையாதது. 3.58 என்பதே அசல் அமெரிக்க முறை. 4.43 என்பது சில பெட்டிகளுக்காகச் சற்றே மாற்றிய முறை.

இரண்டு: வேகம். அமெரிக்காவில் நாடாவை மிச்சப்படுத்த ஈ.பி. என்னும் மெதுவான வேகத்தில் பதிவு செய்யும் வழக்கம் இருந்தது. இரண்டு மணி நேரக் கேசட்டில் ஆறு மணி நேரம் அடங்கிவிடும். டெக்கில் ஈ.பி. வேகமும் உண்டா என்று கேளுங்கள்.

மூன்று: மின்சாரம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. பின்புறத் தகட்டில் '110-240' என்றிருந்தால் அச்சமில்லை. 100 அல்லது 120 என்று மட்டும் இருந்தால் மின்மாற்றி இன்றிச் சொருகவே கூடாது, நொடியில் கருகிவிடும்.

நான்கு: உடல்நிலை. பயன்படுத்தாமலே கிடந்த டெக்கில் ரப்பர் பெல்ட்டுகள் தளர்ந்திருக்கும், மசகு இறுகியிருக்கும். "பார்க்கப் புதிதுபோல் இருக்கிறது" என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. கடையிலேயே முக்கியமற்ற ஒரு கேசட்டைப் போட்டு, முழுதும் முன்னே ஓட்டி, பின்னே சுற்றி, வெளியே எடுத்துப் பாருங்கள். நாடாவைக் கசக்காமல் திருப்பித் தரும் டெக்கே நல்ல டெக்.

லேசர் தட்டு உள்ளவர்களுக்கு

சிங்கப்பூர், ஹாங்காங் சென்று வந்தோர் வீடுகளில் சாப்பாட்டுத் தட்டளவு, 30 சென்டிமீட்டர் அகலமுள்ள வெள்ளித் தட்டுகள் இருக்கக்கூடும். அவை லேசர் டிஸ்க். அமெரிக்காவில் 1978-இல் விற்பனைக்கு வந்தவை. அவற்றிலும் இதே மொழிச் சிக்கல்தான். ஆனால் 'பால்', என்.டி.எஸ்.சி. என இரண்டே, செகாம் தட்டு வெளிவரவில்லை. பயனியர் சி.எல்.டி.-டி925 போன்ற சில இயந்திரங்கள் இரண்டையும் ஓட்டும். தொடக்க காலப் 'பால்' இயந்திரங்களில், டிஜிட்டல் ஒலி மட்டும் உள்ள 'பால்' தட்டைப் போட்டால் படம் வரும், ஓசை வராது. இயந்திரத்தை நிறுத்துவதாகப் பயனியர் 2009 ஜனவரியில் அறிவித்துவிட்டது. எனினும் அத்தட்டுகளில் இருப்பவை விலைக்கு வாங்கிய திரைப்படங்களும் பாடல்களுமே. வேறு வடிவிலும் கிடைக்கக் கூடியவை. உங்கள் அத்தா பேசும் கேசட்டுக்கோ இரண்டாம் பிரதி இல்லை. முதலில் அதைக் கவனியுங்கள்.

ஓட்டுமுன்

கேசட்டின் கண்ணாடிச் சாளரத்தின் வழியே நாடாவின் விளிம்பைப் பாருங்கள். வெண்பொடி படிந்தாற்போல் இருந்தால் அது பூஞ்சை. அப்படியே டெக்கில் போட்டால் டெக்கின் ஹெட்டிலும் ஏறி, அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். நன்கு தெரிந்தவரிடம் கொடுத்துத் துடைத்த பின்பே ஓட்ட வேண்டும். ஹெட்டை மேலும் கீழுமாகத் துடைத்தால் ஒடிந்துவிடும் என்பதையும் நினைவிற்கொள்க. கேசட்டின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை ஒடித்துவிட்டால் தவறியும் அதன்மேல் வேறு பதிவு ஏறாது.

முதல் முறை ஓட்டும்போதே கணினியிலும் ஏற்றிக் கொள்ளுங்கள். பழைய நாடா இன்னொரு முறை ஒத்துழைக்குமென்ற உறுதி இல்லை. ஏற்றும் கருவியிலும் அந்தக் கேசட்டின் முறையையே தெரிவு செய்ய வேண்டும். ஏற்றியதை இரண்டு இடங்களில் வைத்திருங்கள்.

அந்த மூன்றாவது கேசட்

உறவினர் வீட்டுப் பரணிலிருந்து, ஜித்தாவில் வாங்கிய மல்ட்டி சிஸ்டம் டெக் ஒன்று கிடைத்தது. பெல்ட் மாற்றிய பின், ஹஜ் கேசட் வண்ணத்துடன் ஓடிற்று. அடுத்து 'டி-120'. சுவிட்சை 3.58-க்கு மாற்றியதும், உருண்டுகொண்டிருந்த படம் நின்றது.

ஓர் அறை. கட்டிலில் அமர்ந்திருக்கும் ஒருவர், "போதும் தம்பி, நிறுத்து" என்று கூச்சத்துடன் கையை ஆட்டுகிறார். தம்பி நிறுத்தவில்லை. பிறகு அவர் கேமராவைப் பார்த்து மனைவியிடம் பேசுகிறார்: "பிள்ளை நடக்கிறாளா? அடுத்த கடிதத்தில் அவள் கையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து அனுப்பு. எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று பார்க்க வேண்டும்."

"வரைந்து அனுப்பினேன்" என்றார் அம்மையார். அதற்குமேல் அவரால் பேச இயலவில்லை. மகள் தம் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, மீண்டும் ஒருமுறை போடச் சொன்னார்.

கெட்டுவிட்டதென்று ஒரு கடைக்காரர் சொன்ன ஒரே சொல்லால் அந்தக் குரல் குப்பைக்குப் போயிருக்கும். அன்பர்களே, உங்கள் பீரோவின் அடித்தட்டையும் ஒருமுறை பாருங்கள். படம் உருண்டாலும் குரல் இழுத்தாலும் எறிந்துவிடாதீர்கள். அதன் மொழி தெரிந்த டெக்கை, அது கிடைக்கும்போதே தேடிப் பிடியுங்கள்.