வாலிலே சுழலும் சிறு விசிறி

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ‘தித்வா’ புயல் இலங்கையைத் தாக்கியபோது, மகாவலி கரைபுரண்டு கம்பளை நகருள் புகுந்தது. மலைச்சரிவுகள் இடிந்தன, பாதைகள் அறுந்தன. தரைவழி அடைபட்ட இடங்களுக்கு வான்வழியே உதவி வந்தது. அண்டையிலுள்ள கொத்மலைப் பகுதியில் சிக்கித் தவித்தோரை இந்திய விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகொப்டர்கள் ஏற்றிச் சென்றன. நமது விமானப்படையின் பெல் 212 ஹெலிகொப்டர்களும் மீட்புப் பணியில் ஈடுபட்டன.

அவற்றை அண்ணாந்து பார்த்த சிறுவர் மனத்தில் ஓர் ஐயம் எழுந்திருத்தல் கூடும். தலைக்கு மேலே சுழலும் பெரிய விசிறி ஊர்தியைத் தூக்குகின்றது, அது விளங்குகின்றது. வால் நுனியில் பக்கவாட்டில் சுழலும் அந்தச் சிறு விசிறி எதற்காக?

விடையை நம் வீட்டிலேயே காணலாம். கூரையில் தொங்கும் மின்விசிறியைப் பாருங்கள். மோட்டார் இதழ்களை ஒரு பக்கமாகச் சுழற்றும்போது, இதழ்களும் அதே வலிமையுடன் மோட்டாரின் தண்டை மறுபக்கமாகத் திருக முயல்கின்றன. ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டென்று 1687இல் நியூட்டன் வெளியிட்ட விதியின் செயலே இது. கூரைக் கொக்கி பிடித்துக்கொள்வதால் தண்டு திரும்புவதில்லை. ஆகாயத்தில் நிற்கும் ஹெலிகொப்டருக்குக் கூரையேது? கொக்கியேது? விசிறி ஒருபுறம் சுழல, உடல் மறுபுறம் சுழலத் தொடங்கிவிடும்.

இவ்வாறு திருகும் வலிமையே முறுக்குவிசை. சாதாரண ஆகாய விமானத்திலும் இது உண்டு. ஆயினும், அகன்ற இறக்கைகள் காற்றின் துணைகொண்டு அதனைச் சமாளித்துவிடும். ஹெலிகொப்டருக்கு அத்தகைய இறக்கைகள் இல்லை. மேலும், அதன் பெரிய விசிறி மெதுவாகச் சுழல்வது. ஒரே அளவு சக்தியை மெதுவாகச் சுழலும் தண்டின் வழியே செலுத்தினால் முறுக்குவிசை பெருகும்.

மாணவர்கள் ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம். எம்.ஐ.-17இன் மேல்விசிறி நிமிடத்துக்கு ஏறத்தாழ 192 முறை சுழல்வது. அதற்கு 2,000 கிலோவாட் சக்தி செல்வதாகக் கொண்டால், முறுக்குவிசை ஏறத்தாழ 1,00,000 நியூட்டன்-மீற்றர் ஆகும். ஒரு மீற்றர் நீள நெம்புகோலின் நுனியில் 10 தொன் பாரத்தைத் தொங்கவிட்டதற்கு இது ஒப்பாகும்! வால் விசிறியோ நடுத்தண்டிலிருந்து 12 மீற்றருக்கும் அப்பால் இருக்கின்றது. ஆதலால், சுமார் 800 கிலோகிராம் பாரத்துக்குரிய விசையால் வாலைப் பக்கவாட்டில் தள்ளினால் போதும். உடல் அசையாது நிற்கும். மேல்விசிறி ஒன்று, வால் விசிறி ஒன்று என்னும் இவ்வமைப்பை 1939இல் தமது வி.எஸ்.-300 ஊர்தியில் கையாண்டு வெற்றி கண்டவர் இகோர் சிகோர்ஸ்கி.

இந்த இழுபறி முழுவதையும் தாங்குவது ஊர்தியின் உடலே. மேலேயுள்ள பற்சக்கரப் பெட்டியின் பிடிப்புகள் வழியே முறுக்கு உடலினுள் இறங்குகின்றது. வால் நுனியிலோ விசிறி பக்கவாட்டில் தள்ளுகின்றது. இடையிலுள்ள நீண்ட வாற்பகுதி மூங்கிற் கழிபோல் வளையப் பார்க்கும். விசிறி அதன் நடுக்கோட்டிற்கு மேலே அமைந்திருப்பதால், ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுகவும் பார்க்கும். கம்பியைப் பன்முறை வளைத்தால் ஒடிவதுபோல, மீண்டும் மீண்டும் வரும் இச்சுமையால் உலோகம் களைப்புற்று மயிரிழை வெடிப்புகள் தோன்றலாம். வாற்பகுதியின் மூட்டுகளையும் ஆணிகளையும் பொறியியலாளர் அடிக்கடி பரிசோதிப்பது இதனாலேயே.

விமானியின் கால்களுக்கும் ஓய்வில்லை. பாரம் ஏறினால் எஞ்சினின் சக்தியைக் கூட்டவேண்டும். சக்தி கூடினால் முறுக்கும் கூடும். உடனே மிதியை அழுத்தி வால் விசிறியின் தள்ளலையும் கூட்டவேண்டும். மேலிருந்து பார்க்கையில் பெல் 212இன் விசிறி இடஞ்சுழியாகச் சுழல்வதால் இடது மிதி, எம்.ஐ.-17இல் வலஞ்சுழியாதலால் வலது மிதி. விரைந்து பறக்கையில் வாலிலுள்ள நிமிர்ந்த தகடும் துணைசெய்யும். வெள்ளம் சூழ்ந்த வீட்டின் மேல் அசையாது நின்று ஆட்களைத் தூக்கும்போதோ, முழுப்பொறுப்பும் சிறு விசிறியையே சாரும். மலைநாட்டின் மெலிந்த காற்றில் மேல்விசிறிக்கு அதிக சக்தி தேவை. வால் விசிறிக்கும் பிடிப்புக் குறைவு. மீட்புப் பணியில் மிகக் கடினமான கணம் அதுவே.

அப்பணி ஆபத்தற்றதன்று. நவம்பர் 30ஆம் திகதி, நிவாரணப் பணியில் ஈடுபட்டிருந்த பெல் 212 ஒன்று லுணுவிலவில் வீழ்ந்து அதன் விமானி உயிரிழந்தார். இனி வானில் ஹெலிகொப்டர் ஒலி கேட்டு நிமிர்ந்து பார்க்கும் பிள்ளைகள், பெரிய விசிறியோடு நில்லாமல், வாலிலுள்ள சிறு விசிறியையும் அதனைக் கால்களால் ஆளும் மனிதரையும் நினைத்துப் பார்ப்பார்களாக.