மூன்று மணி நேரத்தில் ஆசாரி ஆகிவிட்டீர்களா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றுலா போகும் ஊரில் அரை நாள் உட்கார்ந்து நகை செய்யக் கற்றுக்கொள்வதற்கு நான் எதிரி இல்லை. அகமதாபாத்திலிருந்து ஜெய்ப்பூர் போயிருந்தபோது நானும் அப்படி ஒரு வகுப்பில் உட்கார்ந்தேன். தலைக்கு 3,500 ரூபாய், மூன்று மணி நேரம், ஆளுக்கு ஒரு வெள்ளி மோதிரம், கடைசியில் ஒரு சான்றிதழ். நன்றாகவே பொழுது போனது. என் சண்டை, வகுப்பு முடிந்து வெளியே வருகிறவர்கள் சொல்லும் ஒரு வசனத்தோடுதான்.

"அட, இவ்வளவுதானா சார்? மூணு மணி நேரத்துல நானே ஒரு மோதிரம் பண்ணிட்டேன். இதுக்கா கடைக்காரன் பதினெட்டு பர்சென்ட் செய்கூலி கேக்கறான்?"

பெங்களூரிலிருந்து வந்திருந்த ஐடி தம்பி ஒருவர் அன்றைக்கு இதைச் சொன்னார். ஊர் திரும்பியதும், இதே மாதிரி வகுப்புக்குப் போய்வந்த எங்கள் மேலாளர் ஒருவரும் கிட்டத்தட்ட இதையே சொன்னார். இரண்டு பேரும் படித்தவர்கள், நல்லவர்கள். ஆனால் மக்களே, அந்த வகுப்பிலிருந்து இதைவிடத் தப்பான பாடத்தை யாரும் எடுத்துக்கொண்டு வர முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

நாங்கள் போய் உட்கார்ந்தபோது மேசையில் வெள்ளிப் பட்டை தயாராக இருந்தது. சுத்த வெள்ளி மெத்தென்று இருக்கும், மோதிரத்துக்குத் தாங்காது. ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு என்று சேர்த்து உருக்க வேண்டும். அதை உருக்கி, வார்த்து, உருளையில் விட்டுத் தகடாக்கி, நடுநடுவே நெருப்பில் காட்டி இளக்கி, பட்டையாக வெட்டி வைத்திருந்தார் உஸ்தாத். வெள்ளியை அடிக்க அடிக்க அது இறுகும். இறுகியதைச் சூடு காட்டி இளக்காமல் மேலும் அடித்தால் விரிசல் விடும். இந்த வேலையெல்லாம் நாங்கள் ஹோட்டலில் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்திலேயே முடிந்திருந்தது.

நாங்கள் செய்தது என்ன? விரல் அளவு எடுத்தோம். பட்டையின் மேல் எழுத்து அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினோம். உருண்டை இரும்பில் வைத்து மரச் சுத்தியலால் வளைத்தோம். இரண்டு முனையும் சேர அரம் போட்டோம். அவ்வளவுதான். அடுத்தது பற்றவைப்பு. எட்டுப் பேரில் இரண்டு பேர் துணிந்து நெருப்பைப் பிடித்தார்கள், உஸ்தாத் அவர்களுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மீதி ஆறு பேருக்கும் அவரே செய்து கொடுத்தார்.

நம் ஊரில் பொடி வைத்து ஊதுவது என்போமே, அதுதான் இது. இணைப்பில் வெங்காரம் தடவி, பொடி வைத்து, நெருப்பைக் காட்ட வேண்டும். வெங்காரம் இல்லாவிட்டால் உலோகத்தின் மேல் கறுப்பு ஏறிப் பொடி ஓடாது. வெள்ளியோ சூட்டை நொடியில் முழுக்கப் பரப்பிவிடும் உலோகம். இணைப்பை மட்டும் சுட்டால் வேலைக்கு ஆகாது, மோதிரம் முழுவதும் ஒரே மாதிரி சூடேற வேண்டும். பொடி உருகும் சூட்டுக்கும் மோதிரமே உருகி உருண்டையாகிவிடும் சூட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி கொஞ்சம்தான். உஸ்தாதிடம் வெப்பமானி ஒன்றும் இல்லை. தலைக்கு மேலிருந்த விளக்கை அணைக்கச் சொன்னார். வெள்ளியின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இணைப்பில் பளிச்சென்று ஒரு கோடு ஓடியது, உடனே நெருப்பை விலக்கிவிட்டார். எட்டு மோதிரம், எட்டும் சரியாக வந்தன. அப்புறம் அமிலத்தில் போட்டுக் கறுப்பு எடுத்ததும், மெருகுச் சக்கரத்தில் பிடித்ததும் அவரும் அவருடைய உதவியாளரும்.

ஆக, நாம் செய்தது சுலபமான பகுதி. கஷ்டமான பகுதியை ஒருத்தர் நம் கண்ணில் படாமல் முன்னாலும் பின்னாலும் செய்துவைத்ததால்தான் அது சுலபமாக இருந்தது. இதைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்பது, விமானத்தில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து வந்துவிட்டு பைலட்டுக்கு எதற்கு இத்தனை சம்பளம் என்று கேட்பது மாதிரி.

இதில் இன்னொன்று. அந்த வளையம் ஜெய்ப்பூர் வேலையில் அரிச்சுவடிகூட இல்லை. ஜோஹரி பஜாரில் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் குந்தன் நகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கல்லைக் கவ்விப் பிடிக்கக் கொக்கிகள் கிடையாது, கல் பதிக்கப் பற்றவைப்பும் கிடையாது. உள்ளே அரக்கு நிரப்பி, அதில் கல்லை உட்காரவைத்து, சுற்றிலும் சுத்தத் தங்கத்தின் மெல்லிய இழையை எஃகு முனையால் அழுத்தி அழுத்தியே பிடிக்கவைக்கிறார்கள். சுத்தத் தங்கம் தன்னோடு தானே ஒட்டும் என்பதுதான் அதன் சூட்சுமம். பின்பக்கம் மீனாகாரி. தங்கத்தில் பள்ளம் செதுக்கி, கண்ணாடிப் பொடி நிறங்களை வைத்து உலையில் காட்டுவார்கள். அதிகச் சூடு தாங்கும் நிறம் முதலில், குறைவாகத் தாங்குவது கடைசியில். வரிசை மாறினால் முன்னால் வைத்தது பாழ். வரைபவர் ஒருத்தர், தங்க வேலை செய்பவர் ஒருத்தர், செதுக்குபவர், மீனா போடுபவர், கல் பதிப்பவர் என்று ஒரு பதக்கம் நாலைந்து கை மாறும். அந்த மீனா வேலை இருப்பது கழுத்தில் படும் பக்கம். போட்டுக்கொள்பவரைத் தவிர யாரும் பார்க்க மாட்டார்கள், ஆனாலும் செய்கிறார்கள்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் நாகர்கோவில் வடசேரி இருக்கிறது. கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய இடம். அங்கே எந்த ஆசாரியிடமும் போய் "மூணு மணி நேரத்துல கத்துக்கலாமா அண்ணாச்சி?" என்று கேட்டுப்பாருங்கள். காபி வாங்கிக்கொடுத்து அனுப்பிவைப்பார்.

சரி, கணக்குக்கு வருவோம். நான் பி.காம்., அது இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது :-)

வகுப்புக்கு 3,500 ரூபாய் என்றதும் எட்டுப் பேரில் ஒருத்தர்கூடப் பேரம் பேசவில்லை. அன்று மாலையே கடையில் அதே ஆட்கள் செய்கூலியில் பாதியைக் குறைக்கச் சொல்லி முக்கால் மணி நேரம் நின்றார்கள். அதாவது, நம்முடைய மூன்று மணி நேர விளையாட்டுக்கு விலை நியாயம், பல நாள் உட்கார்ந்த கைக்கு விலை அநியாயம்.

எட்டுப் பேர், தலைக்கு 3,500 என்றால் ஒரு வகுப்புக்கு வசூல் 28,000 ரூபாய். டீ இடைவேளையில் உஸ்தாதிடம் உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டேன். அன்றைய நாளுக்கு 800 ரூபாய் என்றார். மூன்று சதவீதம்கூட இல்லை. வெள்ளி, வாடகை, கேஸ், விளம்பரம், டீ பிஸ்கட் எல்லாவற்றையும் தாராளமாகக் கழித்துக்கொள்ளுங்கள், அப்போதும் இந்தக் கணக்கு உறுத்தும். சான்றிதழில் நிறுவனர் கையெழுத்து இருந்தது, படம் இருந்தது, நம் பெயர் தங்க எழுத்தில் இருந்தது. உஸ்தாத் பெயர் இல்லை. தங்கமணி (வீட்டம்மாவைச் சொன்னேன், நகையை இல்லை) அதைப் பார்த்துவிட்டு, "செஞ்சவர் பேரு எங்கங்க?" என்று கேட்டார். அவர் வகுப்புக்கு வரவில்லை, ஆனால் பாடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார்.

"கடைக்காரன் பதினெட்டு பர்சென்ட் வாங்கறானே, அது யாருக்குப் போகுது?" என்பீர்கள். நல்ல கேள்வி. ஆனால் அதை ஆசாரியிடம் கேட்காதீர்கள். கடை செய்கூலியைத் தங்கத்தின் விலையில் சதவீதமாகப் போடுகிறது. எனக்குத் தெரிந்த பட்டறைகளில் தொழிலாளிக்குக் கூலி கிராமுக்கு இவ்வளவு, அல்லது உருப்படிக்கு இவ்வளவு. ஒரு உதாரணம். கிராம் 5,000 ரூபாயாக இருக்கும்போது பத்து கிராம் சங்கிலிக்கு 12 சதவீதம் செய்கூலி என்றால் 6,000 ரூபாய். கிராம் 10,000 ஆனால் அதே சங்கிலி, அதே 12 சதவீதம், 12,000 ரூபாய். சங்கிலியில் ஒரு கண்ணிகூடக் கூடவில்லை. கூடின 6,000 பட்டறைக்கு வந்து சேர்ந்ததாக எந்த ஆசாரியும் என்னிடம் சொன்னதில்லை. நாம் பேரம் பேசிக் குறைத்தால் மட்டும் அந்தக் குறைப்பு கீழே வரைக்கும் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். நகைக்கடன் கவுண்டரில் நாங்கள் உரைகல்லையும் தராசையும் வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம்? கல்லைக் கழி, அரக்கைக் கழி, மிச்சத் தங்கத்தின் எடை, தரம். அவ்வளவுதான். ரிசர்வ் வங்கியின் விதியும் அதுதான், நகையில் உள்ள தங்கத்தின் மதிப்பை மட்டும்தான் எடுக்க வேண்டும். கைவேலைக்கு மதிப்பு பூஜ்யம். வங்கிக்கு அது சரி. கடன் திரும்பி வராவிட்டால் ஏலத்தில் எடைதான் விலை போகும், வேலைப்பாடு போகாது. ஆனால் வங்கியின் கண்ணையே வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோமே, அதுதான் என் வருத்தம். நகை என்றால் எடை, எடைக்கு மேல் கொடுப்பது எல்லாம் தண்டம் என்கிற நினைப்பு நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 2023 செப்டம்பரில் பிரதமர் விஸ்வகர்மா திட்டம் வந்தது. 18 தொழில்கள், அதில் பொற்கொல்லரும் ஒன்று. சில நாள் அடிப்படைப் பயிற்சி, அந்த நாட்களுக்குத் தினம் 500 ரூபாய், கருவி வாங்க 15,000 ரூபாய், பிணை இல்லாமல் 5 சதவீத வட்டியில் முதல் தவணைக் கடன் ஒரு லட்சம். நல்ல திட்டம், நானே விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் 2025-இல் பத்து கிராம் தங்கம் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்தக் கடன் மொத்தத்தையும் போட்டாலும் ஒன்றேகால் பவுன் வராது. அதை வைத்துக்கொண்டு ஒருத்தர் சொந்தமாக நகை செய்து விற்பது எப்படி? கடைசியில் கடைக்காரர் தரும் தங்கத்தில், கடைக்காரர் சொல்லும் கூலிக்குத்தான் உட்கார வேண்டும். அதனால்தான் அந்தக் கூலியை நாம் மதிப்பது அவருக்கு வாழ்வா சாவா என்கிற விஷயம்.

"இவங்க எல்லாம் தங்கத்தைச் சுரண்டுவாங்க சார்" என்று ஒரு பழைய பாட்டு உண்டு. பெற்ற தாயின் நகையிலும் கொஞ்சம் எடுப்பான் என்று ஒரு தொழில்காரர் கூட்டத்துக்கே பழமொழி வைத்த ஊர் நம்முடையது. 2021 ஜூன் முதல் ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயம் ஆனது. 2023 ஏப்ரல் முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க அடையாள எண்ணும் இருக்க வேண்டும். தரத்துக்குச் சோதனை வந்துவிட்டது, சந்தேகம் மட்டும் போகவில்லை. 1963-இல் தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்றபோது எத்தனையோ பட்டறைகளில் அடுப்பு அணைந்தது, ஆசாரிகள் தற்கொலை செய்துகொண்டார்கள். 1968-இல் அது தனிச் சட்டமாகி, 1990-இல்தான் போனது. இத்தனையும் தாண்டி அந்தக் கை இன்னும் இருக்கிறது என்பதே அதிசயம்.

"எல்லாம் மெஷின் கட்டிங், கேஸ்டிங் ஆச்சே, இன்னும் எதுக்குக் கைவேலை?" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாராளமாக மெஷின் நகை வாங்குங்கள், மெஷின் விலை கொடுங்கள். ஆனால் கைவேலை நகையை எடுத்துவைத்துக்கொண்டு மெஷின் விலைக்கு மல்லுக்கட்டாதீர்கள்.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். ஜெய்ப்பூர் போங்கள், வகுப்பில் சேருங்கள், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பணம் கட்டும் முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். சொல்லிக்கொடுப்பவர் பெயர் என்ன? இந்தக் கட்டணத்தில் அவருக்கு எவ்வளவு? சான்றிதழில் அவர் கையெழுத்து இருக்குமா? நாலு பேர் கேட்டால் நடத்துபவர் முகம் சுளிப்பார், நாற்பது பேர் கேட்டால் மாற்றிக்கொள்வார். நடத்துபவர்கள் வியாபாரிகள், வாடிக்கையாளர் கேட்பதைச் செய்வார்கள்.

கடையில் பேரம் பேசத்தான் வேண்டும் என்றால் சதவீதத்தில் பேசுங்கள், செய்கூலியை ரூபாயில் சொல்லச் சொல்லுங்கள். அதில் தொழிலாளிக்குக் கிராமுக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். அந்தப் பாகத்தை மட்டும் குறைக்காதீர்கள், மீதியில் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். கூப்பிட்டால் நானும் கூட வருகிறேன்.

பி.கு: நகைக்கடன் வட்டி எவ்வளவு என்று கேட்டு யாரும் பின்னூட்டம் போட வேண்டாம். அதற்குக் கிளைக்கு வாங்க, டீ உண்டு.